பாப்பாவின் முதுகில் ஒரு கணப்பு அடுப்பு!

குழந்தைகளே! மார்கழி மாதத்தில் அதிகாலை ஐந்தரை மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். கடற்கரை ரயிலுக்குக் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் காதை மூடி மஃப்ளர் கட்டியிருப்பார்கள். டியூஷனுக்குக் கிளம்பிய பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 'அப்பப்பா, என்ன குளிர்!' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். தெர்மாமீட்டரில் பார்த்தால் சுமார் 20 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். காஷ்மீர்க்காரர்கள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்!

ஆனால், இந்தக் குளிரை நினைத்துச் சிரிக்க முடியாத ஒருவர் இருக்கிறார். இன்று காலைதான் பிறந்த பாப்பா!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அம்மா வயிற்றுக்குள் எப்போதும் 37 டிகிரிக்குக் குறையாத வெதுவெதுப்பு. பிறந்த நிமிடமே 25, 26 டிகிரி அறைக்கு வந்தாயிற்று. உடம்பு முழுக்க ஈரம் வேறு. குளித்துவிட்டுத் துவட்டாமல் ஃபேனுக்கு அடியில் நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் பாப்பாவுக்கும் இருக்கும். ஆனால், பாப்பாவுக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தெரியாது. 'குளிருதும்மா' என்று சொல்லத் தெரியாது. இதைவிட ஆச்சரியம் என்ன தெரியுமா? பிறந்த பாப்பாவுக்கு நம்மைப்போல் வெடவெடவென்று நடுங்கக்கூடத் தெரியாது!

பிறகு எப்படிச் சமாளிக்கிறது? பாப்பாவின் முதுகில் இயற்கை ஒரு குட்டிக் கணப்பு அடுப்பை வைத்து அனுப்பியிருக்கிறது. அதில் புகை கிடையாது, சத்தம் கிடையாது. விறகு போடவும் வேண்டாம். அந்த அடுப்பு எப்படி எரிகிறது என்று பார்ப்போமா? வாருங்கள், தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறிக்கொள்வோம். டிக்கெட் வேண்டாம், கற்பனை ரயில்தான். வழியில் இரண்டு இடங்களில் இறங்கி ஏறிவிட்டு, கடைசியாகச் செங்கல்பட்டு போய்ச் சேருவோம்.

வண்டலூர்: முதலையும் நாமும்

பெருங்களத்தூரை அடுத்து வண்டலூர். இங்கே இறங்கினால் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1985ல் திறக்கப்பட்ட இடம் இது. காலை வெயிலில் முதலைகளைக் கவனியுங்கள். கரையில் ஏறி, அசையாமல் படுத்துக் கிடக்கும். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். அது 'சார்ஜ்' ஏற்றிக்கொள்கிறது! முதலை, பாம்பு, ஓணான் எல்லாம் உடம்புச் சூட்டை வெளியிலிருந்து கடன் வாங்கும் பிராணிகள். வெயில் இருந்தால் சூடாகும். இல்லாவிட்டால் குளிர்ந்து மந்தமாகிவிடும்.

பறவைகளும் பாலூட்டிகளும் அப்படி இல்லை. உள்ளேயே சூட்டைத் தயாரித்துக்கொள்கின்றன. நாமும் அப்படித்தான். சாப்பிட்ட சாதமும் இட்லியும் உடம்புக்குள் மெதுவாக 'எரிந்து' ஆற்றலாகின்றன. அந்த ஆற்றலில் பெரும்பகுதி கடைசியில் சூடாக வெளியேறுகிறது. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் ஏறக்குறைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளிவிடுகிறார். ஜன்னலை மூடிய வகுப்பறை சீக்கிரம் புழுங்கிப்போவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இன்னும் சூடு வேண்டும் என்றால் நம் உடம்பு தசைகளை வேகமாக இழுத்து இழுத்து விடும். அதுதான் நடுக்கம். தசை வேலை செய்தால் சூடு வரும். விளையாட்டு பீரியட் முடிந்ததும் வியர்ப்பது இதனால்தான். ஆனால், பிறந்த பாப்பாவுக்கு இந்த வழி கிடையாது. அதற்கு வேறு வழி இருக்கிறது.

வெள்ளையும் பழுப்பும்

கொழுப்பு என்றதும் தொப்பைதான் ஞாபகம் வரும், இல்லையா? அது வெள்ளைக் கொழுப்பு. ஒவ்வொரு செல்லிலும் ஒரே ஒரு பெரிய கொழுப்புத் துளி இருக்கும். பிற்பாடு உதவும் என்று சேமித்து வைத்த மூட்டை மாதிரி. மேலே போர்த்திய கம்பளி போல, உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமலும் தடுக்கும்.

பழுப்புக் கொழுப்பு என்று இன்னொன்று உண்டு. இதன் செல்லில் சின்னச் சின்னத் துளிகள் நிறைய. அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியாக்கள். 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதேதான். மைட்டோகாண்ட்ரியாவில் இரும்புச் சத்துள்ள புரதங்கள் இருக்கின்றன. ரத்தக் குழாய்களும் இந்தக் கொழுப்பில் அதிகம். இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பழுப்பு நிறத்தைத் தருகின்றன.

பாப்பாவுக்கு இது எங்கே இருக்கிறது? இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், கழுத்தைச் சுற்றி, முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகங்களைச் சுற்றி. ரத்தம் ஓடும் முக்கியமான பாதைகளின் ஓரத்தில் அடுப்பு மூட்டியது போல! அங்கே சூடேறும் ரத்தம் உடம்பெல்லாம் சுற்றி வருகிறது.

வெள்ளைக் கொழுப்பு போர்வை. பழுப்புக் கொழுப்பு அடுப்பு. இதை மட்டும் மறக்காதீர்கள்.

மேட்டூர் அணையும் குட்டி ஓட்டையும்

ரயில் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போய்க்கொண்டிருக்கட்டும். அதற்குள் அடுப்பு எரியும் ரகசியத்தைப் பார்த்துவிடுவோம். இதற்கு மேட்டூர் அணையை நினைத்துக்கொண்டால் சுலபம்.

அணையில் தண்ணீர் உயரமாகத் தேங்கி நிற்கிறது. அதைக் குழாய் வழியாக விட்டால் டர்பைன் சக்கரம் சுற்றும், மின்சாரம் கிடைக்கும். ஆனால், அணை நிரம்பி 120 அடியைத் தொட்டுவிட்டால் என்ன செய்வார்கள்? '16 கண் மதகு வழியாக உபரி நீர் திறப்பு' என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் எந்தச் சக்கரத்தையும் சுற்றாது. மின்சாரம் தராது. சும்மா பாய்ந்து போய்விடும்.

மைட்டோகாண்ட்ரியாவிலும் இதே கதைதான். அதற்கு இரண்டு சவ்வுகள் உண்டு. உள்சவ்வுதான் அணைக்கட்டு. உணவு எரியும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, புரோட்டான் என்ற மிகச் சிறிய துகள்கள் உள்சவ்வுக்கு வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றன. அணையில் தண்ணீர் தேங்குவது போல அவை அங்கே தேங்கி நிற்கும். திரும்பி உள்ளே வர வேண்டுமானால் ஒரு சுழலும் இயந்திரத்தின் வழியாகத்தான் வர வேண்டும். அந்த இயந்திரமும் ஒரு புரதம்தான். அது டர்பைன் போல நிஜமாகவே சுற்றுகிறது! அது சுற்றும்போது ஏ.டி.பி. என்ற பொருள் தயாராகிறது. ஓட, சிரிக்க, கணக்குப் போட, கண் சிமிட்ட, எல்லாவற்றுக்கும் நம் உடம்பு செலவழிக்கும் 'சில்லறைக் காசு' ஏ.டி.பி.தான்.

இந்த விஷயத்தை 1961ல் முதலில் எடுத்துச் சொன்னவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் மிட்செல். அப்போது பல விஞ்ஞானிகள் நம்ப மறுத்தார்கள். பிறகு சோதனைகள் அவர் பக்கம் சாய்ந்தன. 1978ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பழுப்புக் கொழுப்பின் மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் ஒரு விசேஷம். அதன் உள்சவ்வில், டர்பைனைத் தவிர ஒரு 'மதகும்' இருக்கிறது. அதன் பெயர் தெர்மோஜெனின். விஞ்ஞானிகள் சுருக்கமாக யூ.சி.பி.1 என்பார்கள். இதுவும் ஒரு புரதம்தான். இது திறந்துகொண்டால் புரோட்டான்கள் டர்பைனைச் சுற்றாமல் இந்த வழியாக உள்ளே பாய்ந்துவிடும். ஏ.டி.பி. தயாராகாது. ஆனால், ஆற்றல் எங்கேயும் காணாமல் போக முடியாதே? அது முழுக்கச் சூடாக மாறிவிடும்!

தேங்கியது வடிந்துகொண்டே இருப்பதால், உடம்பு இன்னும் வேகமாகக் கொழுப்பை எரித்துப் புரோட்டான்களை வெளியே தள்ளும். அவையும் மதகு வழியாக உள்ளே பாயும். இன்னும் சூடு! ஒரு தொழிற்சாலையில் இப்படி நடந்தால் மேனேஜர் 'வீண் செலவு' என்று கத்துவார். பாப்பாவின் உடம்பில் அந்த வீண் செலவுதான் உயிரைக் காப்பாற்றுகிறது.

விறகே சாவி!

மதகு எப்போதும் திறந்தே இருந்தால் ஆபத்து அல்லவா? சாப்பிட்டதெல்லாம் சூடாகிவிட்டால் வளர்வதற்கு என்ன மிஞ்சும்? அதனால் இதற்கு ஒரு பூட்டு உண்டு. சாதாரண நேரத்தில் ஏ.டி.பி. போன்ற மூலக்கூறுகள் தெர்மோஜெனினில் போய் அடைத்துக்கொண்டு, மதகை மூடி வைத்திருக்கின்றன.

குளிர் பட்டதும் என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள்:

1. தோலில் உள்ள நரம்புகள் மூளைக்கு, 'குளிர்கிறது' என்று சேதி சொல்கின்றன.

2. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்ற இடம் இருக்கிறது. அதுதான் நம் உடம்பின் தெர்மோஸ்டாட். 'அடுப்பை மூட்டு' என்று அங்கிருந்து உத்தரவு கிளம்புகிறது.

3. பழுப்புக் கொழுப்பில் வந்து முடியும் நரம்புகள் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை விடுகின்றன.

4. உடனே செல்லில் உள்ள கொழுப்புத் துளிகள் உடைந்து கொழுப்பு அமிலங்கள் வெளிவருகின்றன.

5. அந்தக் கொழுப்பு அமிலங்களே மதகைத் திறக்கின்றன. பிறகு அவையே எரிபொருளாகவும் எரிகின்றன.

அதாவது, விறகும் அதுதான், அடுப்பறைக்குச் சாவியும் அதுதான்! உடம்பு சூடானதும் மூளையின் உத்தரவு குறையும். மதகு மூடிக்கொள்ளும். இவ்வளவும் பாப்பா தூங்கிக்கொண்டிருக்கும்போதே நடந்துவிடும்.

தெர்மோஜெனினின் வடிவத்தை மிகச் சக்திவாய்ந்த எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் மூலம் 2023ல்தான் விஞ்ஞானிகள் தெளிவாகக் கண்டார்கள். மதகை அடைக்கும் மூலக்கூறு அதற்குள் எப்படிச் செருகிக்கொண்டிருக்கிறது என்பதும் அப்போது தெரிந்தது.

பழுப்புக் கொழுப்பைப் பற்றி முதலில் எழுதியவர் யார் தெரியுமா? சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கான்ராட் கெஸ்னர். வருடம் 1551! மலையில் வாழும் மர்மோட் என்ற, அணிலுக்குச் சொந்தக்காரப் பிராணியின் உடம்பில் இதைப் பார்த்தார். கொழுப்பும் இல்லை, சதையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று எழுதி வைத்தார். அது சூடு தரும் அடுப்பு என்பது 1960களில்தான் உறுதியானது. ஒரு கேள்விக்கு விடை கிடைக்க 400 வருடம்!

காட்டுப்பாக்கம்: பல்பு வெளிச்சத்தில் பன்றிக்குட்டிகள்

பொத்தேரி தாண்டி காட்டாங்குளத்தூர் வந்துவிட்டது, இறங்குங்கள். அருகில்தான் காட்டுப்பாக்கம். பூந்தமல்லிப் பக்கமும் ஒரு காட்டுப்பாக்கம் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். இது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் காட்டுப்பாக்கம். ஆடு, மாடு, பன்றி என்று பல கால்நடைகளைப் பற்றி இங்கே ஆராய்கிறார்கள். 'தானுவாஸ் கே.பி.எம். கோல்டு' என்ற கலப்பினப் பன்றி இங்கே உருவானதுதான்.

ஒரு புதிர் போடட்டுமா? ஆட்டுக்குட்டி பிறந்தால் தாய் நக்கிக் காயவைக்கும். கொஞ்ச நேரத்தில் குட்டி எழுந்து நின்று பால் தேடும். தனியாகச் சூடு காட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. ஆனால், பன்றிக்குட்டி பிறக்கும் கொட்டிலில் மட்டும் ஒரு மூலையில் பல்பைத் தாழ்வாகத் தொங்கவிடுவார்கள். குட்டிகளுக்கு முதல் சில நாட்கள் 30 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நம் ஊர் இரவுகூட அவற்றுக்குக் குளிர்தான்! குட்டிகள் அந்த வெளிச்சத்துக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்று படுத்து வெடவெடவென்று நடுங்கும். ஏன் இந்த வித்தியாசம்?

பிறந்த ஆட்டுக்குட்டிக்குச் சிறுநீரகத்தைச் சுற்றிப் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. பன்றிக்குட்டியிடம் அந்த அடுப்பு இல்லை!

2006ல் சுவீடன் விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். தெர்மோஜெனினைத் தயாரிக்கும் ஜீன் பன்றியிடம் உடைந்துபோயிருக்கிறது. நடுவில் ஒரு பகுதியையே காணோம்! ஒரு சமையல் குறிப்புப் புத்தகத்தில் நடுப்பக்கங்கள் கிழிந்துபோனால் எப்படி? அது போலத்தான். இது நேற்று நடந்ததல்ல. சுமார் 2 கோடி வருடங்களுக்கு முன், பன்றிகளின் முன்னோர் காலத்தில் நடந்தது. அவை வெப்பமான பகுதியில் வாழ்ந்ததால் அப்போது அடுப்பு தேவைப்பட்டிருக்காது என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

அடுப்பு இல்லாவிட்டால் என்ன? காட்டுப்பன்றி ஒரு வழி வைத்திருக்கிறது. குட்டி போடும் முன் புல்லையும் சுள்ளியையும் சேர்த்துக் கூடு கட்டும். குளம்புள்ள பிராணிகளில் இப்படிக் கூடு கட்டுவது பன்றிக் குடும்பம்தான்!

2017ல் சீன விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். சுண்டெலியின் தெர்மோஜெனின் ஜீனைப் பன்றியின் செல்லில் சேர்த்து, 12 குட்டிகளைப் பிறக்கச் செய்தார்கள். அந்தக் குட்டிகள் குளிரில் மற்றக் குட்டிகளைவிட நன்றாக உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொண்டன. ஒரே ஒரு புரதம் எவ்வளவு முக்கியம் பாருங்கள்!

பன்றி மட்டுமல்ல. யானை, குதிரை, திமிங்கிலம், நம் பாக் நீரிணையில் வாழும் கடல் பசு ஆகியவற்றிடமும் இந்த ஜீன் வேலை செய்வதில்லை. பறவைகளிடமும் இந்த அடுப்பு கிடையாது. அதனால்தான் கோழிக்குஞ்சு தாயின் இறக்கைக்குள் புகுந்துகொள்கிறது. பண்ணையில் தாய்க்கோழிக்குப் பதிலாகப் பல்பு! சுண்டெலி, வௌவால் போன்ற சிறிய பாலூட்டிகளிடம் இந்த அடுப்பு நன்றாகவே வேலை செய்கிறது.

செய்து பாருங்கள்

பெரிய யானைக்கு அடுப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சின்னப் பாப்பாவுக்குக் கட்டாயம் வேண்டும். ஏன்? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு பெரிய எவர்சில்வர் சொம்பு, அதே மாதிரியான இரண்டு சின்ன டம்ளர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரிடம் சொல்லி மூன்றிலும் ஒரே சூட்டில் வெந்நீர் நிரப்பித் தரச் சொல்லுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். ஒரு டம்ளரைச் சுற்றி ஈரத் துணியைச் சுற்றுங்கள். 15 நிமிடம் கழித்து மூன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

சொம்பை விட டம்ளர் சீக்கிரம் ஆறியிருக்கும். சின்னப் பொருளுக்கு, அதன் அளவோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு அதிகம். அதனால் சூடு வேகமாக ஓடிவிடும். ஈரத் துணி சுற்றிய டம்ளர் எல்லாவற்றையும்விட வேகமாக ஆறியிருக்கும். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போகிறது. நீங்கள் சொம்பு, பிறந்த பாப்பா ஈரத் துணி சுற்றிய டம்ளர்!

செங்கல்பட்டு: அடுப்பு தயாராகும் முன்பே பிறந்துவிட்டால்?

ரயிலின் கடைசி நிறுத்தம் செங்கல்பட்டு. இங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இதைப்போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. கிருமி தொற்றிவிடும் என்பதால் நம்மை உள்ளே விடமாட்டார்கள். கற்பனையில் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்போம்.

பழுப்புக் கொழுப்பு, பாப்பா அம்மா வயிற்றில் இருக்கும் கடைசி சில மாதங்களில்தான் சேர்கிறது. 37 வாரம் முடிவதற்கு முன்பே பிறந்துவிடும் பாப்பாக்களைக் குறைமாதக் குழந்தைகள் என்கிறோம். அடுப்பு கட்டி முடிப்பதற்கு முன்பே அவர்கள் அவசரமாக வந்துவிட்டார்கள்! போர்வையாக இருக்கும் வெள்ளைக் கொழுப்பும் அவர்களுக்குக் குறைவு. உடம்போ இன்னும் சின்னது.

பிறந்த பாப்பாவின் உடம்புச் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஆபத்து ஆரம்பம். வளரவும் மூச்சு விடவும் வேண்டிய ஆற்றலையெல்லாம் சூட்டுக்கே செலவழித்து பாப்பா களைத்துப்போகும். பால் குடிக்காது. இன்னும் குளிர்ந்தால் உயிருக்கே ஆபத்து. 'நம் ஊர் வெயில் ஊர்தானே, குளிர் எங்கே இருக்கிறது?' என்று நினைத்துவிடக் கூடாது. ஏ.சி. அறையும், ஃபேன் காற்றும், ஈரத் துணியும் போதும்.

அதனால்தான் இந்தப் பிரிவில் சூடு தரும் வார்மர் படுக்கைகள் இருக்கின்றன. ஆனால், அதைவிட எளிய ஒரு சாதனமும் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம். அதன் பெயர் அம்மா!

1978ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் இருந்தார். அவருடைய மருத்துவமனையில் இன்குபேட்டர் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைக்க வேண்டிய நிலை. அவர் ஒரு யோசனை செய்தார். பாப்பாவுக்குக் குல்லாவும் அணையாடையும் மட்டும் போட்டு, அம்மாவின் நெஞ்சோடு தோலோடு தோல் ஒட்டியபடி நிமிர்த்தி வைத்து, மேலே துணியால் கட்டிவிட்டார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போல! அம்மாவின் உடம்புச் சூடு பாப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. இதைத்தான் 'கங்காரு தாய் பராமரிப்பு' என்கிறார்கள். அப்பா, பாட்டி, அத்தை என்று யார் வேண்டுமானாலும் 'கங்காரு' ஆகலாம்.

இது வெறும் செல்லம் கொஞ்சல் அல்ல, மருத்துவம். உலக சுகாதார நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் நான்கு மருத்துவமனைகளும் இதில் பங்கேற்றன. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகள். 2021ல் முடிவு வெளியானது. ஒரு பகுதிக் குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு உடல்நிலை சீரான பிறகு தொடங்கினார்கள். பின்னதில் முதல் 28 நாட்களுக்குள் 100க்குச் சுமார் 16 குழந்தைகள் இறந்தன. முன்னதில் அது 12 ஆகக் குறைந்தது. 100ல் 4 பாப்பாக்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள்!

வீட்டுக்குப் புதுப் பாப்பா வந்தால்...

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பாப்பா பிறந்தால் நீங்களும் உதவலாம். பெரியவர்களிடம் பணிவாக இந்த விஷயங்களைச் சொல்லுங்கள்.

* பிறந்ததும் உடம்பை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, தலைக்குக் குல்லா போட வேண்டும். உடம்போடு ஒப்பிட்டால் பாப்பாவின் தலை பெரிது. தலை வழியாக நிறையச் சூடு போய்விடும்.

* முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறைந்த பாப்பா என்றால் டாக்டர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

* ஃபேனுக்கு நேர் கீழேயோ, ஏ.சி. காற்று படும் இடத்திலோ படுக்கவைக்கக் கூடாது. நனைந்த துணியை உடனே மாற்ற வேண்டும்.

* சூட்டுக்காக நெருப்புச் சட்டி, வெந்நீர் பாட்டில் எதையும் பக்கத்தில் வைக்கக் கூடாது. அம்மாவின் அணைப்பே போதும்.

* கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பாப்பாவின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாக, பாதம் மட்டும் ஜில்லென்று இருந்தால் பாப்பாவுக்குக் குளிர்கிறது. உடனே அணைத்துச் சூடேற்ற வேண்டும். இரண்டுமே ஜில்லென்று இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

* சித்திரை வெயிலில் கம்பளியால் மூட்டை கட்டிவிடவும் கூடாது! அடுப்பால் சூடாக்கத்தான் முடியும், குளிர வைக்க முடியாது.

நமக்கும் அடுப்பு உண்டா?

'பாப்பாவுக்கு இருந்த அடுப்பு எனக்கு எங்கே போயிற்று?' என்றுதானே கேட்கிறீர்கள்? வளர வளரப் பழுப்புக் கொழுப்பு குறைந்துவிடும். நமக்கு நடுங்கவும் தெரிந்துவிடுகிறது, ஸ்வெட்டர் போடவும் தெரிந்துவிடுகிறது! பெரியவர்களுக்கு இது அறவே இருக்காது என்றுதான் பல வருடங்கள் நினைத்தார்கள். ஆனால், புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் 'பெட் ஸ்கேன்' படங்களில் சிலருக்குக் கழுத்தருகே விசித்திரமாக வெளிச்சம் தெரிந்தது. அது கட்டி இல்லை. குளிரில் எரிந்துகொண்டிருந்த பழுப்புக் கொழுப்பு! 2009ல் ஒரே நேரத்தில் மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் இதை உறுதி செய்தன. கழுத்து, காறை எலும்புக்கு மேல்பக்கம், முதுகெலும்பை ஒட்டிய இடங்களில் பெரியவர்களுக்கும் கொஞ்சம் அடுப்பு மிச்சம் இருக்கிறது.

ஆகவே, குழந்தைகளே, உறவுக்காரர் வீட்டில் பாப்பா பார்க்கப் போகும்போது, 'எங்கே, கையில் கொடுங்கள்' என்று அவசரப்படாதீர்கள். கையைக் கழுவிக்கொண்டு, அம்மா அணைப்பில் இருக்கும் பாப்பாவைத் தள்ளி நின்று பாருங்கள். வெளியே பார்த்தால் தூங்குகிற மாதிரிதான் இருக்கும். உள்ளே, அந்தக் குட்டித் தோள்பட்டைகளுக்கு நடுவில், கோடிக்கணக்கான மதகுகள் சுறுசுறுப்பாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்!